ராட்டையை முதலில் வைக்காதீர்கள்: புதுச்சேரியில் ஒரு நூற்பு, பின்னல் செயல்விளக்கம்

கைத்தொழில் செயல்விளக்கம் என்றால் நம்மூரில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஷாமியானா, பின்னால் ஃபிளெக்ஸ் பேனர், நடுவில் ஒரு ராட்டை, ராட்டைக்குப் பின்னால் வயதான ஒருவர், அவருக்கு முன்னால் பத்து இருபது செல்போன். படம் எடுத்தவர்கள் நகர்ந்துவிடுவார்கள். சாயங்காலம் பெரியவருக்குத் துண்டு போர்த்தி அனுப்பிவைப்பார்கள். பஞ்சு எப்படி நூலாகிறது என்று வந்தவர்களைக் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

புதுச்சேரியில் சில பள்ளி ஆசிரியர்களும் கைவினை ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறில் நடத்திய நூற்பு, பின்னல் செயல்விளக்கமும் முதல் நாள் கிட்டத்தட்ட இப்படித்தான் போனது. இரண்டாம் நாள் இடத்தை மாற்றினார்கள், வரிசையையும் மாற்றினார்கள். ஆட்கள் அதே ஆட்கள், பஞ்சும் நாரும் அதே மூட்டையிலிருந்து எடுத்ததுதான். ஆனால் வந்தவர்கள் கயிறோடு திரும்பிப் போனார்கள், பலர் தாங்களே திரித்த கயிறோடு. கூட நின்று பாய் விரித்தவன் என்ற முறையில், என்ன மாறியது, அது ஏன் வேலை செய்தது என்பதை எழுதுகிறேன். இதே மாதிரி நடத்த நினைக்கிறவர்களுக்கு உதவலாம்.

வந்தவர்கள்

கயிறு திரிக்க வந்தவர் கடலூர் பக்கத்துக் கிராமத்து ஆயா ஒருவர். சின்ன வயதில் தேங்காய் மட்டையை ஊர்க் குட்டைச் சேற்றில் மாதக்கணக்கில் புதைத்து, ஊறியதும் எடுத்துத் தடியால் அடித்து நார் பிரித்தவர். இப்போது நாரை விலைக்கு வாங்கித்தான் திரிக்கிறார். அதுவும் யாராவது கேட்டால்தான்.

கடலூர் முதுநகரிலிருந்து மாட்டுக்கயிறு விற்கும் பெரியவர் ஒருவர் வந்தார். மூக்கணாங்கயிறு, தும்பு, தாம்புக்கயிறு, சாட்டை என்று எல்லாவற்றையும் ஒரு காலத்தில் தன் கையாலேயே செய்து விற்றவர். மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய வாரம் மட்டும் இன்னும் கடையில் கூட்டம் இருக்கும் என்றார். சரக்கில் பாதிக்கு மேல் நைலான். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை: "நைலான் அறுவாது, மழையில ஊறாது, விலையும் கம்மி. நான் என்னத்த சொல்லி வேணாங்கறது?"

இவர்களைத் தவிரப் பெட்டி ராட்டை ஒன்று, அதை ஓட்டத் தெரிந்த ஆசிரியை, விரலால் சுண்டிவிட்டு நூற்கும், பித்தளை வில்லை வைத்த தக்ளிகள் ஒரு டப்பா, பின்னல் கோலாட்டம் ஆடும் பள்ளிப் பெண்கள் எட்டுப் பேர். அழைக்காமலே வந்து சேர்ந்தவர் ஒருவரும் உண்டு. முதலியார்பேட்டைக்காரர், பஞ்சாலையில் சைடராக இருந்து ஓய்வு பெற்றவர். நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேம் ஓடும்போது தன் பக்கத்துக் கதிர்களை, அதாவது நூல் சுற்றிக்கொள்ளும் சுழல் தண்டுகளை, கவனித்துக்கொண்டே நடந்து, அறுந்த நூலைப் பிணைப்பவரை ஆலையில் சைடர் என்பார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். இந்தக் கதையில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கூலி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆயாவுக்கும் பெரியவருக்கும் நாள் கூலியும் பஸ் செலவும் முன்கூட்டியே பேசி, காலையிலேயே கையில் கொடுத்தார்கள். சால்வை போர்த்தவில்லை. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் கைவினைஞர்களைக் கௌரவிக்கிறோம் என்ற பேரில் கூலியை மறந்துவிடுவது சகஜம். கூலி வாங்கியவருக்கு ஒரு பிடிமானம் வரும். "இப்படி உட்கார முடியாது", "இந்த நார் சரியில்லை" என்று தைரியமாகச் சொல்வார். இரண்டாம் நாள் மாற்றங்களில் பாதி அப்படி வந்தவைதான்.

ஊரும் நூலும்

நூலும் துணியும் இந்தக் கரைக்குப் பழைய சங்கதி. கீழடியில் சுடுமண் தக்களிகள் கிடைத்தது பலருக்குத் தெரியும். இங்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில் 1945-இல் தோண்டிய தொல்லியலாளர் மார்டிமர் வீலர், அங்கே கண்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகள் என்று கருதினார். பின்னால் வந்தவர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நீலச் சாயம் ஏற்றிய கினித் துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பக்கம் போய், அங்கே பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலைகள் வந்தன. 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை முதலான கோரிக்கைகளுக்காகப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். 1898-இல் ரோடியர் ஆலையாகத் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.) ஆலை 2020-இல் மூடப்பட்டது.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. நூற்பு என்றதும் வந்தவர்கள் மனதில் ராட்டை தோன்றும் என்று நடத்தியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் புதுச்சேரியில் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது ஷிப்டுக்கு ஊதிய ஆலைச் சங்குதான். அப்பா ஆலையில் இருந்தார், மாமா இருந்தார் என்று தொடங்குவார்கள். ராட்டை அவர்களுக்குப் பாடப்புத்தகப் படம். தொட்டுப் பார்த்த பொருள் இல்லை.

முதல் நாள்: கடற்கரைச் சாலை

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. காந்தி சிலைப் பக்கம் ராட்டையை வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று திட்டம். 1934 பிப்ரவரியில் காந்தி இந்த ஊருக்கு வந்தவர் வேறு. எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வந்தவர்கள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டிவிட்டார்கள். ஆசிரியை நூற்ற நேரத்தைவிட எழுந்து இடம்விட்ட நேரம் அதிகம்.

நூற்ற நேரத்திலும் கடற்காற்று விடவில்லை. நூற்புக்கு வைத்திருக்கும் பஞ்சுத்திரி என்பது விரல் மொத்தத்தில் தளர்வாக உருட்டிய பஞ்சு. இழைகள் ஒன்றோடொன்று சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். காற்று வாகில் ஒரு இழுப்பு இழுத்தால் பிய்ந்து பறக்கும். நூல் அறுந்துகொண்டே இருந்தது. "கடக்கரையில ஈரம் இருக்கு, நூலுக்கு நல்லதுதான். ஆலையிலயே தண்ணி புகை மாதிரி அடிச்சி ஈரம் வெச்சிருப்போம், இல்லாட்டி நூல் அறும். ஆனா காத்து ஆவாதும்மா" என்று சைடர் ஓரத்திலிருந்து சொன்னார். அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

ஆயாவுக்கு நேர்ந்ததுதான் இன்னும் மோசம். அவரை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தேங்காய் நாரைக் கையால் திரிக்கும் முறை தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும்: புடவையைக் கொஞ்சம் ஏற்றிச் சொருகிக்கொண்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, நாரைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரிப்பார்கள். வீட்டு வாசலில் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து செய்யும் வேலை. கேமராக்களுக்கு முன்னால், நாற்காலியில், ஆம்பிளைகள் கூட்டத்தில் எப்படிச் செய்வார்? இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சமாளித்தார். கயிறு மேடும் பள்ளமுமாக வந்தது. பார்த்த ஒருவர் "இவ்ளோதானா, இது நானே செய்வேனே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐம்பது வருஷமாகத் திரித்த கைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. நாரைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

ஒன்பது மணிக்கு மேல் எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் பேச்சு வந்தது. சைடர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு முக்கியமாகப் பட்டது: "சக்கரத்த பாக்குறாங்க சார், நூல யாரும் பாக்கல."

யோசித்தால் முழுக்கச் சரி. பெட்டி ராட்டையில் வலக்கை சக்கரத்தைச் சுற்றுகிறது, இடக்கை பஞ்சுத்திரியைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. நூல் பிறப்பது இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் முன்னால், கதிர் நுனிக்குப் போகும் வழியில். பார்க்கிறவர் கண் போவதோ சுற்றும் சக்கரத்துக்கு. சக்கரத்துக்கு அங்கே ஒரே வேலை, கதிரை வேகமாகச் சுழற்றுவது. அதைப் பார்த்து நூற்பைப் புரிந்துகொள்ளவே முடியாது. மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்கும் கருவியை, ஒரு காரியமும் தெரியாதவர் முன்னால் முதலில் வைப்பது பாடத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிற வேலை.

இரண்டாம் நாள்: தாழ்வாரம்

ஞாயிற்றுக்கிழமை தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டுக்கு மாறினார்கள். புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளுக்குத் தெருவோரம் தூண் வைத்த தாழ்வாரம் இருக்கும், உள்ளே திண்ணை. போகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவதற்கென்றே கட்டியது. காற்று குறைவு, தரையில் உட்காரலாம், தெருவில் போகிறவர் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்க்கலாம், பிடித்தால் ஏறி உட்காரலாம். மைக் வேண்டாம் என்று ஆயாவே சொல்லிவிட்டார்.

வரிசையையும் தலைகீழாக்கினார்கள். பின்னல் முதலில், கயிறு அடுத்தது, தக்ளி அதற்கப்புறம், ராட்டை கடைசி.

பின்னல் முதலில் வந்தது கயிற்றுக்கடைப் பெரியவரின் யோசனை. அவர் கணக்கு ரொம்ப எளிமை. நூற்கத் தெரிந்தவர் ஆயிரத்தில் ஒருத்தர், ஆனால் தலை பின்னாத வீடு உண்டா? வாசலில் சாயம் ஏற்றிய சணல் கயிறுகளைத் தொங்கவிட்டு, ஏறி வந்த பெண் பிள்ளைகளிடம் "சடை போடு பார்க்கலாம்" என்றார். மூன்று புரிப் பின்னல் எல்லோருக்கும் கையிலேயே இருந்தது, கண்ணால் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர்களோடு வந்த பையன்கள் "இது பொம்பளப் புள்ளைங்க வேல" என்று ஒதுங்கி நின்றார்கள். பெரியவர் சாக்கிலிருந்து சாட்டை ஒன்றை எடுத்துப் போட்டார். "இத யாரு பின்னுனதுன்னு நெனைக்கிற? எங்க அப்பா. மாட்டுக்குத் தும்பு பின்னுனதும் ஆம்பளதான்." சாட்டையைத் தொட்டுப் பார்த்ததும் பையன்களும் உட்கார்ந்துவிட்டார்கள். தங்கை அண்ணனுக்குப் பின்னக் கற்றுக்கொடுக்கும் காட்சியை அந்தத் தாழ்வாரத்தில் பல தடவை பார்த்தேன்.

அப்புறம் நாலு புரி. சடை தெரிந்த கைக்கு நாலு புரிதான் முதல் தடுமாற்றம். நாலு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கோடியில் இருப்பதை எடுத்து நடுவிலுள்ள இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து முன்னால் வளைத்து, ஒன்றின் மேலே போட்டு, மறுபடி வலது பக்கமே கொண்டுவர வேண்டும். பிறகு இடது கோடிக்கும் இதே. நாலைந்து தரம் செய்தால் தட்டையான சடைக்குப் பதிலாக உருண்டையான கயிறு இறங்கும். உருட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அந்த இடத்தில் பிள்ளைகளின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பெரியவர் கேட்ட கேள்விதான் நூற்புக்குக் கதவைத் திறந்தது. பின்னிய கயிறு ஒன்று, முறுக்கிய கயிறு ஒன்று, இரண்டிலும் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். முறுக்கிய கயிற்றில் கட்டிய பாட்டில் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. பின்னியதில் அசையவில்லை. "கெணத்துல தண்ணி எறைச்சவங்களுக்குத் தெரியும், வாளி சுத்திக்கிட்டே வரும். ஏன்?" என்றார். கூட்டத்திலிருந்த ஒரு அம்மா, "முறுக்கு பிரியுது தாத்தா" என்றார். அவ்வளவுதான் விஷயம். பாரம் ஏறினால் முறுக்கு பிரியப் பார்க்கும். பின்னலில் முறுக்கே இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி அழுத்திப் பிடிப்பதால் நிற்கிறது. அப்படியானால் பிரியப் பார்க்கும் முறுக்கை வைத்து எப்படிக் கயிறு நிற்கிறது? இந்தக் கேள்வியோடுதான் கூட்டம் ஆயாவிடம் நகர்ந்தது.

ஆயா திண்ணையோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் உருட்டினார். தொடை தெரியவில்லை, பிடிமானமும் கிடைத்தது. சாக்கு யோசனை அவருடையதே. பக்கத்து ஈயக் குண்டானில் நார் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. ஒரு சிட்டிகை நாரைப் பிரித்து, நீளவாக்கில் வைத்து, உள்ளங்கையால் ஒரே தள்ளு. நார் புரியாக மாறியது. முனை தீருமுன் அடுத்த சிட்டிகையை வைத்துச் சேர்த்தார், எங்கே சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆயா, கால்ல வெச்சி உருட்டுனா வலிக்காதா?"

"கால்ல முடி இருக்காது, அவ்ளோதான். நீ சாக்கு மேலயே உருட்டு கண்ணு. அழுத்தாத, நார் ஓடணும்."

பையன் கையில் ஒரு முழம் புரி வந்ததும், அதை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் விரலை வைத்து மடித்து, விட்டுவிடச் சொன்னார். விட்டதும் இரண்டு பாதியும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறாகிவிட்டன. பையன் அலறியே விட்டான். தெருவில் போன இரண்டு பேர் திரும்பி வந்து என்னவென்று கேட்டார்கள். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கைப் பிரிக்கப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து பிரியும்போது அதுவே எதிர்ப்பக்க முறுக்காகி இரண்டையும் பூட்டிவிடுகிறது. ஒன்று பிரிய வேண்டுமென்றால் மற்றது இறுக வேண்டும், அதனால் இரண்டும் நிற்கின்றன. மாட்டுக்கயிறிலிருந்து தையல் நூல் வரை இந்த எதிர்முறுக்கில்தான் நிற்கிறது. பலகையில் எழுதி விளக்கியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும், அப்போதும் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

தேங்காய் நாரை முன்னால் வைத்ததற்கு இன்னொரு நியாயமும் உண்டு. அதன் இழை நீளம், சில இழைகள் ஒரு சாண் கூட வரும். சொரசொரப்பும் சேர்வதால் கொஞ்ச முறுக்கே போதும், கற்றுக்குட்டி கையிலும் கயிறாகும். பருத்தி இழையோ ஏறக்குறைய ஒரு அங்குலம், கருங்கண்ணி மாதிரி நாட்டுப் பருத்தியில் அதைவிடவும் குட்டை. அவ்வளவு சின்ன இழை பிடித்து நிற்க முறுக்கு நிறைய ஏற வேண்டும். 20 நம்பர் நூலுக்கு அங்குலத்துக்கு 18 முறுக்கு வாக்கில் விழும் என்று சைடர் சொன்னார். நம்பர் என்றால் என்ன என்று ஒரு மாணவி கேட்க, அவர் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார்: 840 கஜம் ஒரு சிட்டம், ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். 30 நம்பர் என்றால் ஒரு பவுண்டு பஞ்சு 25,200 கஜம், 23 கிலோமீட்டர். "ஏறக்குறைய இங்கேர்ந்து கடலூர்" என்றார். ஆயா நிமிர்ந்து பார்த்தார். "ஒரு பவுண்டுலயா?"

தக்ளியும் கடலூர்க்காரரும்

தக்ளி, உண்மையைச் சொன்னால், பாதி வெற்றிதான். சின்னப் பிள்ளைகளுக்குச் சுண்டிவிடவே வரவில்லை. வில்லை தரையில் விழுந்து உருண்டு சாக்கடை வரை போனது. பெரியவர்களிலும் பலருக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒரு சிலரே ஒரு முழம் தாண்டினார்கள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். அன்று தக்ளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தவர்களில் கடலூர், நெல்லிக்குப்பம் பக்கம் படித்த வயதானவர்கள்தான் அதிகம். 1937 வார்தா மாநாட்டிலிருந்து கிளம்பிய, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியின் கையோடு தக்ளி அந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றுக்குள் நுழைந்தது. புதுச்சேரியோ 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஒரு பெரியவர் தக்ளியை வாங்கி, கேட்காமலே மூன்று விரலால் சுண்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கி நூலை நீட்டினார். "வாரத்துக்கு இவ்ளோன்னு நூத்துக் குடுக்கணும். இல்லாட்டி வாத்தியார் விரல் மொட்டியில போடுவாரு" என்றார். பக்கத்திலேயே அவர் வயதுதான், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுச்சேரிக்காரர், அந்தக் கருவியை முதல் தடவையாகக் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பஸ்தான்.

தக்ளியில் அடிக்கடி நூல் அறுந்ததும் கடைசியில் நல்லதாகவே முடிந்தது. அறுந்த நூலை இரண்டு முனையும் சேர்த்து முடிச்சுப் போடப் பார்த்தாள் ஒரு பெண். சைடர் அதுவரை எதையும் தொடாமல் தூணில் சாய்ந்து நின்றவர், "முடிச்சு போடாதம்மா" என்று சொல்லிக் கீழே உட்கார்ந்தார். நூல் முனையின் முறுக்கைக் கொஞ்சம் பிரித்துப் பஞ்சாக்கி, திரியின் நுனியில் வைத்து, கட்டைவிரலால் ஒரு உருட்டு. நூல் மறுபடி ஓடியது. கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. "இன்னொரு வாட்டி, மெதுவா" என்று எல்லோரும் கேட்டார்கள். மெதுவாகச் செய்யத் தனக்கு வராது என்று சிரித்தார். ஆலையில் ஃபிரேம் நிற்காது, ஓடும் கதிரை முழங்காலாலோ கையாலோ ஒரு நொடி நிறுத்திப் பிணைத்துவிட்டு அடுத்ததுக்கு ஓடின பழக்கம். அறுத்து, பிணைத்து, அறுத்து, பிணைத்துக் காட்டினார். ஆலை வேலை என்றால் பட்டனை அழுத்துவது என்று நினைத்திருந்த பிள்ளைகள் அவர் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் ராட்டையைத் திறந்தபோது கூட்டம் சக்கரத்தைப் பார்க்கவில்லை. ஆசிரியையின் இடக்கைப் பக்கமாகச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை. திரி மெலிந்த இடத்துக்கு முறுக்கு ஓடிப்போய் உட்காருவதையும், மொத்தமான இடம் முறுக்கு ஏறாமல் தளர்ந்திருப்பதால் இழுத்தால் அதுவே மெலிவதையும் ஒரு பையன் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னான். கையால் நூற்ற நூல் ஓரளவு சீராக வருவதன் சூட்சுமமே அதுதான். அன்றும் படம் எடுத்தார்கள், ஆனால் விரலை எடுத்தார்கள்.

கோலாட்டத்தில் ஒரு சிக்கல்

பின்னல் கோலாட்டம் மாலையில் தெருவில். பொதுமக்கள் முன்னால் பின்னலைச் செய்துகாட்டும் கலை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சேர்த்தார்கள். நல்ல யோசனை. மேலிருந்து எட்டுக் கயிறு தொங்கும், நாலு பேர் வலஞ்சுழியாக, நாலு பேர் இடஞ்சுழியாகப் போவார்கள். எதிரில் வருபவரை ஒருமுறை உள்ளே விட்டு, அடுத்தவரை வெளியே விட்டு ஆடினால் மேலே பின்னல் இறங்கும். திருப்பி ஆடினால் பிரியும். ஷூ லேஸ் பின்னும் இயந்திரத்திலும் நூல்கண்டுகள் இதே தடத்தில்தான் ஒன்றையொன்று கடந்து ஓடுகின்றன.

அன்று ஒரு பெண் ஓரிடத்தில் உள்ளே போக வேண்டியவள் வெளியே போய்விட்டாள். பின்னும்போது யாருக்கும் தெரியவில்லை. பிரிக்கும்போது பாதியில் சிக்கிக்கொண்டது. பாட்டு நின்றது. அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் சமயோசிதமாக, காலையில் பின்னக் கற்றவர்களைப் பார்த்து "எங்க தப்புன்னு யாரு சொல்லுவீங்க?" என்று கேட்டார். எட்டு வயதுப் பையன் ஒருவன் தூணேறி அண்ணாந்து பார்த்து, "செவப்பு ரெண்டு ஒண்ணா மேல போயிருக்கு" என்றான். அந்த ஒரு கயிற்றை மட்டும் பின்னால் நடக்கவிட்டதும் சிக்கு விட்டது. கைதட்டல் அன்றைக்கு அதிகம் விழுந்தது அங்கேதான். ஒத்திகை பார்த்து வைத்தால்கூட இப்படி அமையாது.

விற்பனை, செலவு, மிச்சம்

விற்பனை சுமார். பின்னிய கயிறு, குஞ்சலம், சாவிக்கொத்து கொஞ்சம் போயின. ஆயாவின் கயிற்றை நைலான் விலையோடு வைத்துப் பேரம் பேசியவர்கள் இருந்தார்கள். முதல் நாள் அது நிறைய, இரண்டாம் நாள் குறைவு. ஒரு முழம் திரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தன் கையில் பார்த்தவர் பேரம் பேசத் தயங்குகிறார் என்று நினைக்கிறேன். ஆனாலும் செயல்விளக்கத்தையும் கடையையும் ஒரே பாயில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விலை கேட்டு வருபவர் வந்தாலே ஆயாவின் கை நின்றுவிடுகிறது.

செலவில் பெரிது கூலியும் சாப்பாடும். நார், சணல், பஞ்சுத்திரி எல்லாம் சேர்த்தும் அதில் கால்வாசி வராது. ராட்டையை ஏற்றி இறக்கிய ஆட்டோ வாடகை, அதன் புண்ணியத்தில் முதல் நாள் ஒருவர் கற்றது எவ்வளவு என்று பார்த்தால், தண்டம்.

அடுத்த முறை கடலூரில், தேவனாம்பட்டினம் பக்கம் நடத்தலாம் என்று பேச்சு. மாசி மகத்துக்கு வேண்டாம், அந்தக் கூட்டத்தில் உட்காரக்கூட இடம் கிடைக்காது. வலை பின்னும் மீனவர்களையும் சேர்க்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். சண்டை வந்தது சைடர் விஷயத்தில். ஆலையிலிருந்து வைத்திருக்கும், நூல் சுற்றும் பழைய பாபின் ஒன்று, ரிங் என்ற வளையம், அதன் மேல் ஓடும் பொடிக் கொக்கியான டிராவலர் நாலைந்து கொண்டுவந்து முறுக்கு எப்படி ஏறுகிறது என்று காட்டுவதாகச் சொன்னார். இயந்திரம் பாரம்பரியமா என்று நடத்தியவர்களில் இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிபடவில்லை. கதர்க்காரர்கள் கொண்டாடும் அம்பர் சர்க்காவே ஏகாம்பரநாதன் என்ற தமிழர் ஆலை ஃபிரேமின் உருளைகளையும் கதிரையும் கைராட்டைக்குக் கொண்டுவந்து செய்ததுதான். நூறு வருஷத்துக்கு மேல் இந்த ஊர் நூற்றது ஃபிரேமில். அந்த விரல்கள் இன்னும் முதலியார்பேட்டையில் இருக்கும்போது அவற்றை விட்டுவிட்டு நூற்பைப் பற்றி இங்கே என்ன காட்டுவது?

கடைசியில் முடிவு செய்தது ஆயா. சைடருக்குத் தன் பக்கத்திலேயே பாய் போடச் சொன்னார். "வர்ற புள்ளைங்க அறுத்துக்கிட்டேதான் இருக்கும். பிணைக்க ஆளு வேணாமா?"